‘கைத்தறி பேபி ராப்’ என்று வந்த சுடிதார் துணி

குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் நீளமான நெய்த துணி, அதாவது ராப் ஒன்றை இன்ஸ்டாகிராம் கடையில் வாங்கினேன். கூடவே அதைக் கட்டச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்புக்கும் பணம் கட்டினேன். இரண்டிலும் நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கழுத்து நிற்காத குழந்தைகளை இந்தத் துணியில் கட்டச் சொல்லி விற்கிறார்களே, அதனால்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: சுத்தக் காட்டன், கைத்தறி, சைஸ் 6. சைஸ் 6 என்றால் நீளம் ஏறக்குறைய 4.6 மீட்டர், அகலம் 70 சென்டிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். பார்சலைப் பிரித்து அளந்தால் நாலு மீட்டர்கூட இல்லை. அதுவும் ஒரே துணி இல்லை, இரண்டு துண்டை நடுவில் தையல் போட்டு ஒட்டியிருந்தார்கள். ராப்பின் நடுப்பகுதியை நெஞ்சில் வைத்துத்தான் கட்ட ஆரம்பிப்போம். அப்படியென்றால் அந்தத் தையல் சரியாகக் குழந்தையின் முதுகுக்கு வரும், குழந்தையின் பாரம் அதன் மேல்தான் விழும்.

சென்னிமலையில் தறி ஓட்டும் பெரிய மாமா அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தில் ஒரு நூலை உருவினார், சாமி விளக்கில் காட்டினார். பஞ்சு நூலாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிர்ந்துவிடும். இது சுருண்டு, கறுப்பாகக் கடுகு மாதிரி உருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. "பாவும் (நீள நூல்) பாலியஸ்டர், ஊடையும் (குறுக்கு நூல்) பாலியஸ்டர். தறித்துணின்னு யார் சாமி சொன்னாங்க? சுடிதாருக்கு வர்ற துணி இது" என்றார்.

நல்ல ராப் பெரும்பாலும் ட்வில் நெசவாக இருக்கும், அதாவது ஜீன்ஸ் துணி மாதிரி சாய்வாகக் கோடு ஓடும் நெசவு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் அசையாது, மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் கொடுக்கும். அந்தக் கொடுப்பில்தான் துணி குழந்தையின் முதுகோடு படிந்து நிற்கும். எனக்கு வந்ததோ வழுவழு துணி. இரண்டு முடிச்சுப் போட்டு நாலு எட்டு நடந்தால் முடிச்சு நெகிழ்ந்துவிடுகிறது. கோயம்புத்தூர் ஏப்ரல் வெயிலில் பாலியஸ்டரைச் சுற்றினால் பாப்பாவுக்கு வேர்க்குரு வராமல் என்ன செய்யும்?

அந்தக் கடைப் பக்கத்தில் "நம் பாட்டிமார் ஆயிரம் வருடமாகக் கட்டிய முறை" என்று வேறு போட்டிருந்தார்கள். என் பாட்டி கட்டியது தூளி. துணியில் பிள்ளையைக் கட்டித் தூக்குவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். ஆனால் சைஸ் நம்பர் போட்ட நீள ராப், ஜெர்மனியில் 1972-ல் எரிகா ஹோஃப்மான் என்ற இரட்டைக் குழந்தைகளின் தாய் ஆரம்பித்த டிடிமோஸ் மாதிரியான நிறுவனங்கள் வழியாகப் பரவியது. இதில் ஏன் பாட்டியை இழுக்கிறார்கள் என்று புரியவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். "சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்" என்றார்கள். இந்த வேலைக்கு நம் நாட்டில் அரசு உரிமம் எதுவும் கிடையாது, தனியார் பயிற்சிகள்தான். அதனால் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன். "நிறைய அம்மாக்களுக்குச் சொல்லித் தந்திருக்கேன் மா" என்று பதில் வந்தது. திரையில் என்னைப் போலப் பல அம்மாக்கள். எங்களில் ஒருவரையும் கேமராவை ஆன் செய்யச் சொல்லவில்லை. குழந்தைக்கு எத்தனை மாதம், எவ்வளவு எடை, குறைமாதத்தில் பிறந்ததா, எதையும் கேட்கவில்லை. பொம்மையை வைத்து மளமளவென்று கட்டிக் காட்டினார். இறுக்கும் இடம் வந்ததும் "இப்ப நல்லா இறுக்கிக்கோங்க", அவ்வளவுதான். பாப்பா வயிறு வரைக்கும் சரிகிறாளே என்று கேட்டேன். "பழகிடும் மா, பாப்பாவும் பழகணும்" என்றார். கால் இரண்டும் நேராகத் தொங்குகிறதே என்று இன்னொரு அம்மா கேட்டதற்கும் அதே பதில். அப்புறம் பொம்மையை வெளிப்பக்கம் பார்க்க வைத்து ஒரு கட்டு, முதுகில் ஒரு கட்டு. பார்த்துக்கொண்டிருந்த பலரிடம் இருந்தது கழுத்து நிற்காத கைக்குழந்தை!

துணி தளர்ந்தால் குழந்தை கீழே இறங்கிச் சுருளும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். சத்தம்கூட வராது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஒரு தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும் ஸ்லிங் வகைத் துணிகளைப் பற்றி எச்சரித்தபோது, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. அதில் 12 பேர் நாலு மாதம் நிரம்பாதவர்கள். அதில் பேசப்பட்டது ஸ்லிங்தான் என்றாலும், சின்னக் குழந்தையின் கழுத்து எல்லாத் துணியிலும் ஒன்றுதானே. துணி இறுக்கமாக இருக்க வேண்டும், முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், முதுகுக்குத் தாங்கல் வேண்டும். பிரிட்டனில் அம்மாக்களுக்குச் சொல்லித்தரும் அடிப்படை விதிகள் இவை. பணம் வாங்கி நடத்திய அந்த வகுப்பில் இதில் ஒன்றுகூட வரவில்லை.

பிறகு எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தது ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் ஒரு தோழி, தன் சொந்த ராப்பைக் கொடுத்து. முதலில் பாப்பாவைத் தொடவே விடவில்லை, ஒரு சின்னத் தலையணையை வைத்துப் பழகச் சொன்னாள். இறுக்குவது என்றால் நுனியைப் பிடித்து மொத்தமாக இழுப்பது இல்லையாம். மேல் ஓரத்தை விரலால் பிடித்து, அது முதுகைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்று தேடி, துணியின் அந்த ஓரத்தை மட்டும் இழுக்க வேண்டும். அடுத்து அதற்குக் கீழே ஒரு பிடி, அப்புறம் அதற்கும் கீழே. மேல் ஓரம் தளர்ந்தால் குழந்தையின் தலை பின்னால் சாயும், கீழ் ஓரம் தளர்ந்தால் இடுப்பு இறங்கும். துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரிந்து, முழங்கால் இரண்டும் பின்புறத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும், ஒரு கையால் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்து பார்க்கச் சொன்னாள். பாப்பா நம் உடம்பைவிட்டு விலகினால் அவிழ்த்து முதலில் இருந்து கட்ட வேண்டும்.

துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு அந்தக் கடைக்காரர் "வாஷ் பண்ணினா செட் ஆகிடும்" என்றார். நூலை எரித்த வீடியோவை அனுப்பியதும் "பிரிச்ச பார்சலுக்கு ரிட்டர்ன் இல்லை" என்றார். பிறகு பிளாக். சட்டம் அவர் பக்கம் இல்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிந்து, ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அளவுநாடா வைத்து எடுத்த படம் எல்லாம் சேர்த்தேன். இழுத்தடித்து, துணிக்கான பணம் மட்டும் வந்தது. வகுப்புக் கட்டணம் வரவில்லை. "வகுப்பு நடந்ததே மேடம்" என்கிறார்கள். நடந்தது, ஆமாம்.

பழைய பக்கத்தை இப்போது காணோம். அதே படங்கள் வேறொரு பெயரில், வேறொரு ஜிபே எண்ணோடு ஓடுகின்றன. அதனால் இப்படி ஒரு கடையைப் பார்த்தால், பணம் அனுப்பும் முன்னால் துணியை முழு நீளத்துக்கும் விரித்து அளவுநாடாவோடு ஒரு வீடியோவும், நடுப்பகுதியைக் கிட்டத்தில் இன்னொன்றும் கேளுங்கள். நான் வேறு ஒரு ஐடியில் இருந்து அந்தப் புதுப் பக்கத்தில் கேட்டேன். "ட்ரஸ்ட் இருந்தா வாங்குங்க சிஸ்" என்று பதில் வந்தது.