சொப்பின் பை, 'உக்கும்' பை, உமல்: மண்ணுக்குள் போனபின் எது என்னவாகிறது?

மீன்சந்தைக்குப் போகும் யாழ்ப்பாணத்தவருக்கு மூன்று தெரிவுகள் உண்டு: பொலித்தீன் சொப்பின் பை, 'உக்கக்கூடியது' என்று அச்சிட்ட பை, பனையோலை உமல். மீனைச் சுமப்பதில் மூன்றும் ஒன்றே. வளவுக்குள் எறிந்த பிறகே வேறுபாடு தொடங்குகிறது.

பொலித்தீனின் நெடிய சங்கிலி முழுவதும் காபன்-காபன் பிணைப்புகளால் ஆனது. நீரின் துணையோடு அறுபடக்கூடிய கண்ணி ஒன்றுகூட அதில் இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள், பெரிய மூலக்கூறுகளை உடலுக்கு வெளியே நொதியங்களால் துண்டாக்கிய பின்னரே உள்ளெடுக்கின்றன. நீர் ஒட்டாத மேற்பரப்பும், சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பளிங்குருப் பகுதிகளும் அந்த நொதியங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரும் ஒட்சிசனும் சங்கிலியை ஆங்காங்கே முறிப்பது உண்மையே, ஆயினும் அது நொறுங்குவதேயன்றி உக்குவதன்று. புதைந்த பைக்கு அந்த வெயிலும் கிடைப்பதில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே மழைநீர் விரைந்து நிலத்தடிக்கு இறங்குவதால், கிணற்றை நம்பி வாழும் நமக்கு நொறுங்கிய இந்தப் பொலித்தீன் துணிக்கைகள் வெறும் குப்பைப் பிரச்சினையல்ல.

2017 செப்டெம்பரில் உயரடர்த்திப் பொலித்தீன் பைகளுக்கு இலங்கையில் தடை வந்தது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'உக்கும்' பை என்ற பெயருக்குள் இரு வேறு பொருட்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, உலோக உப்புச் சேர்த்து விரைவில் நொறுங்கச் செய்த அதே பொலித்தீன். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் இதற்குத் தடை விதித்திருக்கிறது. மற்றையது சோளம் போன்ற பயிர்களின் மாப்பொருளிலிருந்து பெறும் பொலிலக்ரிக் அமிலம். இதில் நீரால் அறுபடும் எசுத்தர்ப் பிணைப்புகள் உள்ளன. ஆனால் அவை விரைவாக அறுபட ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் வேண்டும். பெரிய கூட்டெரு ஆலைகளில் அந்தச் சூடு எழும், 30 பாகையை ஒட்டிய நம் வளவு மண்ணில் எழாது.

உமலின் கதை சுருக்கமானது. ஓலையின் செலுலோசில் குளுக்கோசு அலகுகளை இணைக்கும் பிணைப்பை அறுக்கும் நொதியங்கள் பூஞ்சணங்களிடமும் பற்றீரியாக்களிடமும் மிகத் தொன்மைக்காலம் முதலே உண்டு. ஓலைக்கு விறைப்புத் தரும் இலிக்னின் என்ற பொருள் சற்றுத் தாமதப்படுத்தினாலும், மாரி ஈரமும் கறையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மீன்தண்ணீர் ஒழுகும் என்பதும், இழைப்பவரின் உழைப்புக்கேற்ப விலை கூடும் என்பதும் நியாயமான குறைகளே. முதலாவதற்கு உள்ளே ஒரு வாழையிலைத் துண்டு போதும்.

ஆகவே மீனுக்கு உமலையும், அரிசி சீனிக்குத் துணிப்பையையும் தெரிவு செய்வேன். எந்தப் பொருளால் ஆனது, எந்த வெப்பத்தில் உக்கும் என்று அச்சிடாத 'உக்கும்' பையைப் பொலித்தீனின் வரிசையிலேயே வைப்பேன்.