சுயேச்சை வேட்பாளரின் பிட் நோட்டீஸும் பேருந்து நிலையத்துப் பின்சந்து அச்சகமும்

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஒருவருக்குச் செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பட்டா, முதியோர் உதவித்தொகை, மயானப் பாதை என்று எதற்கும் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தே பெயர் பெற்ற அந்த அக்காவுக்குக் கட்சி கிடையாது; வைப்புத்தொகை 25,000 ரூபாயையே தெருக்காரர்கள் சேர்த்துத்தான் கட்டினார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிட் நோட்டீஸ்தான் பொதுக்கூட்டம். அதை அடித்துக் கொடுத்த கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒற்றை வண்ண ஆஃப்செட் இயந்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இயங்கும் சிறிய அச்சகம்.

சுயேச்சைக்கு வேலை கொடுக்கும் அச்சகத்தின் தரத்தை நான் முதலில் நேரத்தை வைத்துத்தான் அளப்பேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் சின்னம் எல்லோருக்கும் முன்பே தெரியும்; சுயேச்சையோ வேட்புமனுவில் மூன்று சின்னங்களை வரிசைப்படுத்திக் கேட்டுவிட்டு, வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நாள் மார்ச் 30, பிரசாரம் ஓய்ந்தது ஏப்ரல் 17 மாலை 6 மணி. இடைப்பட்ட பதினெட்டு நாட்களில் ஒரு நாள் போனாலும் ஒரு கிராமம் போனதாக அர்த்தம். உரிமையாளர் இதை நன்றாக அறிந்தவர். சின்னத்துக்கும் வாக்குப்பதிவு இயந்திரத்தின் வரிசை எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டு, மற்ற அனைத்தையும் நான்கு நாட்களுக்கு முன்பே டிடிபி (கணினியில் எழுத்துக் கோர்ப்பு) செய்து, புரூஃப் எனும் சோதனைப் பிரதியைத் திருத்தி வைத்திருந்தார். தையல் இயந்திரச் சின்னம் ஒதுக்கப்பட்ட தகவலை நான் தொலைபேசியில் சொன்ன இரவே அச்சுத் தகடான பிளேட்டைப் போட்டு, மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு என்றும் பாராமல் நண்பகலுக்குள் முதல் 5,000 பிரதிகளைக் கட்டிக் கொடுத்தார். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உள்ள கோட்டுப் படத்தையே பயன்படுத்தினார், அழகுபடுத்தவில்லை. ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தின் பெயரிலேயே வேறு சிலரும் களத்தில் நின்ற தேர்தல் அது. வாக்காளரின் கண் சின்னத்தைத்தான் தேடும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சட்டம் தெரிந்த அச்சகமாகவும் இருந்தது எங்களுக்குப் பெரிய நிம்மதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, நோட்டீஸில் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை அச்சகம் முன்கூட்டியே வாங்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவர் அந்தப் படிவத்தை அச்சிட்டே வைத்திருந்தார். கையொப்பம் வந்த பிறகுதான் இயந்திரத்தில் காகிதம் ஏற்றினார். நாங்கள் முதலில் விசாரித்த வேறொரு கடையில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பண விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை என்று சொல்ல முடியாது. தேர்தல் செலவில் ஒரே நபருக்கோ நிறுவனத்துக்கோ மொத்தத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பதால் நாங்கள் நீட்டிய காசோலையை அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார், ஜிஎஸ்டி ரசீதும் உடனே தந்தார். ஆனால் மடிப்புக் கூலியும் வண்டி வாடகையும் முதலில் சொன்ன தொகைக்கு வெளியே என்பது பொருளை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலைப்பட்டியலோடு ஒவ்வொரு ரசீதையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதி, அதைச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டியவனுக்கு இது சிறிய தொல்லை அல்ல.

அச்சுத் தரம் சுமார். ஒரே இயந்திரத்தில் இரண்டாவது வண்ணத்தை மறுபடி ஓட்டியதால் சில கட்டுகளில் சிவப்பு எழுத்து கறுப்புக் கோட்டிலிருந்து விலகி நின்றது. காகிதம் மெல்லியது, பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் நிழலாடியது. இதைவிடக் கவலை தந்தது வேறு: இரண்டாம் முறை 10,000 அடித்தபோது, அடியில் ‘பிரதிகள் 5,000’ என்ற பழைய வரியே புரூஃபில் இருந்தது. நான் கண்டுபிடித்திராவிட்டால் கணக்கை மறைத்தோம் என்ற பழி வேட்பாளர் மேல் விழுந்திருக்கும். தவறை ஒப்புக்கொண்டு கட்டணமின்றித் திருத்தினார் என்றாலும், அங்கே போகிறவர்கள் புரூஃபின் கடைசி வரியைத் தாங்களே படித்துவிடுவது நல்லது.

வைப்புத்தொகையைத் திரும்பப் பெறச் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. முடிவு வந்த 30 நாட்களுக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யும் அவசரத்தில் ஒரு ரசீதை நான் தொலைத்துவிட்டபோது, உரிமையாளர் பழைய கட்டுகளைப் பிரித்து நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணச் சுவரொட்டி வேண்டுவோருக்கு இந்தக் கடை சரிப்படாது. பிட் நோட்டீஸ் அடிக்க நான் மறுபடியும் அங்கேதான் போவேன், மடிப்புக் கூலியை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு.