‘எல்லாப் பாதைக்கும் ஒரே வண்டி’ என்று சொல்லி எனக்கு விற்ற மவுண்டன் பைக்: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த ஆண்டு நான் வாங்கிய மவுண்டன் பைக் ஒன்றைப் பற்றியும், அது என் தலையில் கட்டப்பட்ட விதத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதுகிறேன். கடையின் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. என் புகார் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது ஒரு காரணம். இதே வேலையை எந்தக் கடையும் எந்தப் பெயர்ப் பலகையின் கீழும் செய்ய முடியும் என்பது இன்னொரு காரணம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வண்டி. வார நாள்களில் மண்பாதையில் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும், விடுமுறை நாளில் காட்டுப் பாதையில் ஏற வேண்டும், ஏறிய பிறகு வேரும் கல்லும் கிடக்கும் சரிவில் பயமில்லாமல் இறங்க வேண்டும். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எனக்கு இடமும் இல்லை, வசதியும் இல்லை. கடையில் இதைத் தெளிவாகச் சொன்னேன். எப்படிப்பட்ட சரிவு என்று கைபேசியில் படமும் காட்டினேன். விற்பனையாளர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம் சார், இது ஆல் டெர்ரெய்ன் வண்டி, எங்க விட்டாலும் போகும்” என்றார். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் ஃபோர்க் காற்றழுத்தத்தில் இயங்குவது, பயணத் தூரம், அதாவது அது அழுந்தி இறங்கக்கூடிய தூரம், 130 மி.மீ.; பெடல் பக்கம் ஒரே பற்சக்கரம், பின்னால் 12 பல்லடுக்குகள் கொண்ட கேசட்; ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். கடைக்கு முன்னால் இருந்த சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டினேன், நடைபாதை விளிம்பிலிருந்து இரண்டு முறை இறக்கிப் பார்த்தேன், முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். என் அளவு ஃப்ரேம் கிடங்கில் இருப்பதாகவும், நான்கு நாளில் பூட்டித் தருவதாகவும் சொன்னார்கள்.

நான்காம் நாள் கைக்கு வந்த வண்டியின் நிறம் அதுவே, ஃப்ரேமில் எழுதியிருந்த பெயரும் அதுவே. ஆனால் பெடல் பக்கம் மூன்று பற்சக்கரங்கள், பின்னால் ஏழு. கண்ணில் பட்டவுடன் கேட்டேன். “மூணு இருந்தா ஏத்தத்துக்கு இன்னும் நல்லது சார், மொத்தம் 21 கியர்” என்று பதில் வந்தது. 12-ஐ விட 21 பெரிய எண்தானே என்று நானும் தலையாட்டினேன். இந்த இடத்தில் தவறு என்னுடையதும்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று பற்சக்கரங்களிலும் கிடைக்கும் கியர்களில் பல ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒத்தவை என்பதும், புதிய மவுண்டன் பைக்குகளில் சொல்லிக்கொள்ளும்படியானவை எல்லாம் ஒற்றைப் பற்சக்கரத்துக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. ஒரே பெயரில் நான்கைந்து படிநிலைகளில் அந்த வண்டி வருகிறது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் எண் மட்டும்தான் வேறுபாடு. நான் ஓட்டிப் பார்த்தது மேல் படி, எனக்குக் கொடுத்தது அடிப்படி. பில்லில் வண்டியின் பெயர் மட்டும் இருந்தது, எண் இல்லை. விலையில் வித்தியாசம் தெரியாதா என்று கேட்பீர்கள். ‘பழைய ஆண்டின் இருப்பு, அதனால் பெரிய தள்ளுபடி’ என்று சொல்லியிருந்ததால், குறைந்திருந்த விலை எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை, மகிழ்ச்சியைத்தான் தந்தது.

முதல் சில வாரங்கள் மண்பாதையில் எந்தக் குறையும் தெரியவில்லை. காட்டுச் சரிவில் இறங்கிய முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த ஃபோர்க்கின் உள்ளே இருந்தது வெறும் சுருள்வில். அழுந்திய வில் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய் அமைப்பு அதில் கிடையாது. ஒரு வேரின் மேல் ஏறி இறங்கியதும் முன்சக்கரம் ரப்பர் பந்தைப் போல எழும்பும். அது தரையைத் தொடுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது, திருப்பினாலும் திரும்பாது. ஃபோர்க்கின் தலையில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருகினால் மென்மையாகும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் அது வில்லின் தொடக்க இறுக்கத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். எழும்பும் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மூன்றாம் மாதம் பின்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சக்கரம் சுழலும்போதெல்லாம் ‘ஸ்ஸ்க்’ என்று பிரேக் டிஸ்க் உரசியது. பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, அதன் நடு அச்சான ஆக்சிலை வெளியே எடுத்து, மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து விரலால் உருட்டினார். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். இது ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் தட்டித் தட்டி நின்றது. “வளைஞ்சிருக்கு தம்பி. இந்த ஹப்ப வச்சுக்கிட்டு கல்லுல இறங்கினா வளையத்தான் செய்யும்” என்றார்.

காரணத்தையும் அவரே காட்டினார். ஹப் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள உருளை. என் வண்டியில் இருந்தது ஹப்பின் மேல் மரையில் முறுக்கி ஏற்றும் ஃப்ரீவீல். அந்த அமைப்பில் செயின் பக்கத்துப் பேரிங் ஹப்புக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். பேரிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே பல்லடுக்கின் அகலம் முழுவதும் ஆக்சில் தாங்கல் இல்லாமல் நிற்கும். கேசட் பூட்டும் ஹப்பில் அந்தப் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடுவதால் தாங்கல் இல்லாத நீளம் மிகவும் குறைவு. அதற்கு மேல், நல்ல மலைப்பாதை வண்டிகளில் முன்னால் 15 மி.மீ., பின்னால் 12 மி.மீ. தடிமனுள்ள ஆக்சில் ஃபோர்க்கின் அல்லது ஃப்ரேமின் இரண்டு பக்கமும் ஊடுருவி மரையில் இறுகும். என் வண்டியிலோ நெம்புகோலை மடக்கினால் கவ்விக்கொள்ளும் பழைய வகை. நகரத்துச் சாலைக்கு அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உத்தரவாதக் காலம் முடியவில்லை. இரண்டு வாரம் வைத்துக்கொண்டு, ‘தகுதிக்கு மீறிய பயன்பாடு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். “எல்லாப் பாதைக்கும் ஆகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று கேட்டதற்கு, அதே விற்பனையாளர் கையேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வாங்கிய அன்று ஹேண்டிலில் பிளாஸ்டிக் பையோடு கட்டித் தொங்கிய கையேடு அது. நான் பையை அறுத்து அலமாரியில் போட்டதோடு சரி.

அந்தப் பக்கத்தில் இருந்ததை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2043 என்னும் வரையறை, சைக்கிள்களை அவை தாங்கக்கூடிய பாதையை வைத்து 5 நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை, சக்கரம் தரையை விட்டு எழும்பாத தார்ச்சாலை. இரண்டாம் நிலையில் சரளைச் சாலையும் மிதமான மண்பாதையும் சேரும். வண்டி மேலிருந்து கீழே விழும் உயரம் 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்றாம் நிலையில் கரடுமுரடான பாதை, 61 செ.மீ. வரை. நான்காவது 122 செ.மீ. வரை, ஐந்தாவது அதற்கும் மேலான தாவல்களுக்கும் செங்குத்துச் சரிவுகளுக்கும் உரியது. பல நிறுவனங்கள் இந்த எண்ணைக் கையேட்டில் அச்சிடுகின்றன. சில நிறுவனங்கள் ஃப்ரேமிலேயே சிறிய ஒட்டியாக ஒட்டிவிடுகின்றன. எனக்குக் கொடுத்த படிநிலைக்கு எதிரே இருந்த எண் 2. நான் ஓட்டிப் பார்த்த மேல் படிக்கு 3. கடையில் காட்டிய படத்தில் இருந்த கற்படியின் உயரத்தைப் பிறகு டேப் வைத்து அளந்தேன்: 32 செ.மீ.

விற்கும்போது ‘எங்கே விட்டாலும் போகும்’ என்பார்கள், பழுது வந்ததும் ‘அங்கே ஏன் விட்டாய்’ என்பார்கள். முதலாவது வாய்ச்சொல், இரண்டாவது அச்சில் இருக்கிறது. ‘ஆல் டெர்ரெய்ன்’, ‘மல்ட்டி பர்ப்பஸ்’ போன்ற சொற்களுக்கு எந்தத் தர வரையறையும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதன் மேலும் ஒட்டிக்கொள்ளலாம். அந்த 1 முதல் 5 வரையான எண்ணுக்குத்தான் நிறுவனம் பொறுப்பேற்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால்கூட ஆறுதல். உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்த பிறகு அதே கடை, நீளமான ஃபோர்க் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தால் என் குறை தீர்ந்துவிடும் என்று யோசனை சொன்னது. இதைப் பலர் நம்பி ஏமாறக்கூடும் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். 100 மி.மீ. ஃபோர்க்குக்காக வடிவமைத்த ஃப்ரேமில் 140 மி.மீ. ஃபோர்க்கைப் பூட்டினால், வண்டியின் முன்பக்கம் உயர்ந்து, ஃபோர்க் சாயும் கோணம் ஏறக்குறைய 2 பாகை மாறிவிடும். ஏற்றத்தில் முன்சக்கரம் தடுமாறும். ஃபோர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழலின் பற்றவைப்பில் விழும் நெம்பு விசையும் கூடும். பல நிறுவனங்கள் இதற்காகவே ஃப்ரேமின் உத்தரவாதத்தை நீக்கிவிடுகின்றன. அதோடும் நிற்காது. இன்றைய நல்ல ஃபோர்க்குகளின் தண்டு கீழே அகன்று மேலே குறுகியது. என் ஃப்ரேமின் தலைக்குழல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு, ஆகவே நுழையாது. நுழையும் ஃபோர்க்கைத் தேடிப் பிடித்தாலும் அதற்கு 15 மி.மீ. ஆக்சில், என் முன் ஹப்போ மெல்லிய பழைய வகை, ஆகவே சக்கரமும் புதிதாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வண்டியின் விலையை நெருங்கியது. நல்ல வேளையாக இந்த முறை நான் தலையாட்டவில்லை.

ஒரே வண்டி என்ற ஆசையே தவறா என்றால், இல்லை என்பேன். அதற்கென்றே ‘டிரெயில்’ என்றொரு பிரிவு இருக்கிறது: பயணத் தூரம் 120 முதல் 150 மி.மீ.க்குள், முன் ஃபோர்க்கின் சாய்வு 64 முதல் 67 பாகைக்குள், 2.3 அங்குலத்துக்குக் குறையாத டயர். ஏற்றத்தில் பந்தய வகை வண்டி இதை முந்தும். செங்குத்து இறக்கத்தில் 170 மி.மீ. வண்டி இதைவிடத் துணிச்சல் தரும். இடைப்பட்ட பெரும்பகுதிக்கு இது போதும். வசதி குறைவாக இருந்தால், பின் சஸ்பென்ஷன் இல்லாத, ஆனால் ஃபோர்க்கும் பிரேக்கும் ஹப்பும் தரமான ஹார்ட்டெயிலை எடுங்கள். அதே விலையில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்று காட்டப்படும் வண்டியில் பெரும்பாலும் பின்னால் இருப்பது, எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தணிப்பே இல்லாத ஒரு வில். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும், எடை வேறு.

வாங்கப் போகும்போது கடைக்காரரின் பேச்சை ஒதுக்கிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை உடல் எடையால் அழுத்திவிட்டுச் சட்டென்று அழுத்தத்தை எடுங்கள். கையை உதறுவதுபோலச் சட்டென்று எழும்பினால் தணிப்பு இல்லை என்று பொருள். ஃபோர்க்கின் கால்களில் ஒன்றின் அடியிலோ தலையிலோ, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு திருகு இருந்து, அதைத் திருப்பும்போது எழும் வேகம் கண்ணுக்குத் தெரிய மாற வேண்டும். காற்று ஃபோர்க் என்று சொன்னால், பம்பை மாட்டி உங்கள் எடைக்குக் காற்றை வைத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் ஏறி நின்றதும் மொத்தப் பயணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை அழுந்தினால் சரியான தொடக்கம். இதைச் செய்து தரத் தயங்கும் கடையில் எனக்கு இனி வேலை இல்லை.

பில்லில் வண்டியின் பெயரோடு படிநிலை எண், ஆண்டு, ஃப்ரேம் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஃப்ரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு நுழையும் குழலின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். நான் ஓட்டிப் பார்த்த வண்டியை ஒரு படம் எடுத்திருந்தால் இன்று என் புகாருக்கு இன்னும் வலு இருந்திருக்கும். கையேட்டைப் பணம் கட்டும் முன்பே கேட்டுப் பிரித்துப் பாருங்கள். அதிலுள்ள பாதை நிலை எண் 3-க்குக் குறைவாக இருந்தால் காட்டுச் சரிவுக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இதே போன்ற வண்டியை வாங்கிக் கற்களில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே மூன்றைப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக் டக்’ என்று விரலில் தட்டுப்பட்டால், ஃபோர்க்கின் உள்ளே வழுக்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கும் அல்லது தலைக்குழலில் உள்ள பேரிங் தொகுதியான ஹெட்செட் தளர்ந்திருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டிஸ்க் உரசுகிறதா என்று கேளுங்கள். டிஸ்க் கோணியிருக்கலாம், ஆக்சிலும் வளைந்திருக்கலாம், சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். தலைக்குழலும், அதிலிருந்து பெடலை நோக்கி இறங்கும் கீழ்க்குழலும் சேரும் பற்றவைப்பைத் துணியால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போன்ற ஒரு கோடு தெரிந்தாலும், அது பெயின்ட் மட்டும்தான் என்று ஒரு மெக்கானிக் சுரண்டிப் பார்த்துச் சொல்லும்வரை அந்த வண்டியில் ஏற வேண்டாம்.