வேர்ட்ஸ் ஆஃப் த சாம்பியன்ஸ்: 4,000 சொற்கள் எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ என்னும் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் வீடுகளில் முதலில் பிரிண்ட் எடுப்பது இந்தப் பட்டியலைத்தான். 4,000 சொற்கள்; எளிதிலிருந்து கடினம் வரை ஒன் பீ, டூ பீ, த்ரீ பீ என மூன்று நிலைகள். போட்டி நடத்துபவர்களே வெளியிடுவது என்பதால் வட்டாரச் சுற்று வரைக்கும் பெரும்பாலும் நம்பலாம்.

ஆனால் இது வெறும் பட்டியல். பொருளையும் மூலமொழியையும் நாம்தான் அகராதியில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். 2021 முதல் தேசியப் போட்டியின் மேடையிலும் சொற்பொருள் கேள்வி வருகிறது. எழுத்தை மட்டும் உருப்போட்ட பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும்.

பெரிய சிக்கல் வீட்டு டிக்டேஷனில். நாம் 'காம்பெடிஷன்' என்று 'பெ'யை அழுத்திச் சொல்லும்போதே நடுவில் வரும் எழுத்து 'E' என்று விடையைக் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்க உச்சரிப்பில் அந்த இடம் மழுங்கி 'ப'வுக்குப் பக்கமாக ஒலிக்கும். மேடையில் பிள்ளை தடுமாறுவது அங்கேதான். டாக்டர், டீச்சர், காலண்டர் மூன்றுக்கும் கடைசி ஒலி ஒன்று, எழுத்து வேறு. ஆகவே அப்பா, அம்மா குரலில் வாசிக்காமல், ஸ்கிரிப்ஸின் வேர்ட் கிளப் செயலியிலோ மெரியம்-வெப்ஸ்டர் அகராதித் தளத்திலோ ஒலியைப் போட்டுக் கேட்க வையுங்கள்.

ஒரே அமர்வில் 50 சொற்கள் போதும். தப்பானவற்றை மட்டும் நோட்டில் எழுதி, பக்கத்தில் மூலமொழியைக் குறித்து, மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் மறுபடி கேளுங்கள். மூலமொழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 'ஷ்' ஒலி பிரெஞ்சுச் சொல்லில் பெரும்பாலும் சி-ஹெச், ஜெர்மனில் எஸ்-சி-ஹெச்; 'க்' ஒலிக்குக் கிரேக்கத்தில் சி-ஹெச். மேடையில் எழுத்துகளைச் சொல்லத் தொடங்கிய பிறகு முதலிலிருந்து மறுபடி சொல்லலாம், ஆனால் சொன்ன எழுத்தை மாற்ற முடியாது. அதனால் பொருள், மூலமொழி பற்றிய கேள்வியெல்லாம் முதல் எழுத்துக்கு முன்பே கேட்டுப் பழகட்டும்.

தேசியப் போட்டியின் பின்சுற்றுகளில் இந்தப் பட்டியலைத் தாண்டித்தான் சொற்கள் வரும். 2021இல் ஸைலா அவான்கார்டுக்குக் கோப்பை தந்த சொல் 'முர்ரயா', நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் உள்ள அதே முர்ரயா. 'முர்ரே' என்ற பெயர் இதில் இருக்கிறதா என்று நடுவரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் எழுத்துகளைச் சொன்னார். இந்த மாதிரிக் கேள்வி மனப்பாடத்தில் வராது.

த்ரீ பீயில் 50க்கு 45 சரியாக வந்தால், மெரியம்-வெப்ஸ்டர் அன்அப்ரிஜ்டு என்னும் முழு அகராதியின் சந்தாவுக்குப் பணம் கட்டலாம். ஒன் பீயிலேயே திணறுகிற பிள்ளைக்கு அந்தச் செலவு இப்போதைக்கு வேண்டாம்.