பழைய ரைஸ் மில் இடத்தில் மண்டபம்: ரேடாரா, துளையா, குழியா?

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது 20க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. அதே தாலுகாவில் எங்கள் பழைய ரைஸ் மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட இருந்தோம். அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஜேசிபியை இறக்க மனம் வரவில்லை.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் தோண்டாமலே காட்டும். ஆனால் ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடும். உப்பேறிய மண் இன்னும் மோசம். கடலோர மணல்மேடுகளில் எடுபடலாம், நான் அங்கே பார்த்ததில்லை. மண் பரிசோதனைத் துளை அஸ்திவாரத்துக்கு எப்படியும் போடுவதுதான். ஆனால் அதில் வரும் செங்கல் துணுக்கு பழைய சுவரா, யாரோ கொட்டிய இடிபாடா என்று சொல்ல முடியாது.

நான் நம்புவது குழியைத்தான். நாலடிக்கு நாலடியாக மூன்று வெட்டினோம்; தொல்லியல் படித்த பேராசிரியர் ஒருவர் கூடவே நின்றார். குழியின் பக்கத்தைக் கரண்டியால் செதுக்கினால் மண்ணடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

"ஏற்கெனவே கட்டின இடம், எல்லாம் கலைஞ்சிருக்கும்" என்றார்கள். பாதிதான் உண்மை. புகைபோக்கி நின்ற பக்கம் அடிவரை கலைந்திருந்தது. நெல் காயவைத்த களத்திலோ மேலே அரையடிச் சிமெண்டு, கீழே இரண்டடி மேடாக்கிய மண். அதில் பானை ஓடுகளைக் கண்டு துள்ளினோம். ஓடுகளோடு பாலித்தீன் துண்டும் கிடந்தது. எல்லாம் குளம் வெட்டிக் கொண்டுவந்த மண். ஆனால் அந்த மேடாக்கல்தான் அடியில் இருந்ததைக் காத்திருந்தது. கலையாத சாம்பல்நிறக் களியில், உறைகிணற்றுக்கு அடுக்கும் சுடுமண் உறை ஒன்றின் வளைவு தெரிந்தது. எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தூண்களை வேறு பக்கம் நகர்த்தினோம். களம் வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது.

தோண்டுவதென்றால் சித்திரை, வைகாசியிலேயே தோண்டுங்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு வெட்டிய எங்கள் மூன்றாவது குழி, நாலடியிலேயே ஊற்றெடுத்து இடிந்து விழுந்தது. அங்கே ஆழமாக அஸ்திவாரம் போட மனமில்லாமல், தகரக் கூரையோடு சமையற்கட்டை மட்டும் வைத்தோம்.