நகரா விசை: எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்

குறைகளையும் எழுதப்போவதால் இன்ஸ்டிட்யூட்டின் பெயரைப் போடவில்லை. மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. அது போதும்.

எனக்கு 43 வயது. பி.காம். போன வருடம் மகளைக் கோவையில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். அதற்கப்புறம் காலை பத்து மணிக்கு மேல் எனக்குப் பொழுதே போகவில்லை. இரண்டு மணிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்தால், ஐந்து மணிக்குப் பால்காரர் மணியடிக்கும்போதுதான் எழுந்திருப்பேன். தூக்கமும் கிடையாது, அழுகையும் கிடையாது. ஆரி வொர்க் கிளாஸில் சேர்ந்து நாலாம் நாள் நின்றுவிட்டேன். ஆன்லைனில் டேலி படிக்க 2,500 ரூபாய் கட்டி இரண்டே வீடியோ பார்த்தேன். "சும்மா வெளில போயிட்டு வாயேன்" என்பார் வீட்டுக்காரர். எங்கே போவது?

ஒருநாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. படபடவென்று ஒரு வரி, டிங், கிர்ரென்று இழுப்பு, மறுபடி படபட. 2003-ல் இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் லோயருக்கு, அதாவது முதல் நிலைப் பரீட்சைக்கு, ஃபீஸ் கட்டியிருந்தேன். பரீட்சை வாரத்தில் நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். அதோடு போயிற்று. மாடிப்படி ஏறிவிட்டேன்.

சாருக்கு எழுபது இருக்கும். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்பார் என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது "தமிழா, இங்கிலீஷா?" மட்டும்தான். தமிழ் என்றேன். மாதம் 600 ரூபாய், தினம் ஒரு மணி நேரம், இரண்டு மணி பேட்ச், ஏழாம் நம்பர் மெஷின். கோத்ரெஜ். அந்தக் கம்பெனி 1955-ல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்து, பிறகு நிறுத்தியும் விட்டது. அதனால் ஓர் ஓரத்தில் துணி போட்டு மூடிய நாலைந்து செத்த மெஷின்கள் இருக்கின்றன. உயிரோடு இருப்பவற்றுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் அவற்றிலிருந்துதான்.

முதல் பத்து நாள் இடது கைக்கு ய, ள, ன, க, ப. பக்கம் பக்கமாக அதுவேதான். சுண்டுவிரலுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று இருபது வருடம் சமைத்த எனக்கே தெரியாது. பக்கத்து மெஷினில் பிளஸ் ஒன் பையன். "ஆன்ட்டி, கீழ பாக்காதீங்க, பேப்பரப் பாருங்க" என்று அவன்தான் திருத்துவான். எனக்கு என் பெண்ணே பாடம் எடுப்பதுபோல் இருந்தது.

புள்ளி வைக்கும் பாடம் மூன்றாவது வாரம் வந்தது. புள்ளியை அடித்தேன். தாளில் புள்ளி விழுந்தது, ஆனால் கேரேஜ், அதாவது தாளைச் சுமந்துகொண்டு நகரும் மேல்பாகம், நகரவில்லை. மறுபடி அடித்தேன். அதே இடத்தில் இன்னொரு புள்ளி. மெஷின் ரிப்பேர் என்று சாரைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது நகராதும்மா. நகரா விசை. மொதல்ல புள்ளி, அப்புறம் எழுத்து. எழுத்த அடிங்க, நகரும்" என்றார். 'ழ' அடித்தேன். புள்ளிக்கு அடியில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. 'மி'க்கு மேலே போடும் விசிறியும் அப்படித்தான். 'தமிழ்' என்று அடிக்க விசையை ஐந்து முறை தட்ட வேண்டும். கேரேஜ் மூன்று முறைதான் நகரும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா. இத்தனை எழுத்தையும் ஒரு சின்ன விசைப்பலகைக்குள் எப்படி அடைப்பது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சார் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். எனக்கு அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விசைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அடித்தது வீணாகவில்லை, தாளில் விழுந்திருக்கிறது, ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நானும் ஒரு வருடமாக மெஷின் ரிப்பேர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன்.

டேலி வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால்தான் நான் பார்க்கவே இல்லை. இங்கே அந்த ஒரு மணி நேரம் போனால் போனதுதான். போகாத நாளில் இரண்டு இருபதுக்கு போன் வரும். "மெஷின் காலியா இருக்கும்மா." திட்டு, அறிவுரை எதுவும் இல்லை, அவ்வளவுதான் பேச்சு. எனக்காக ஒரு மெஷின் காலியாக இருக்கிறது என்று கேட்டால் புடவையை மாற்றிக்கொண்டு ஓடத்தான் தோன்றுகிறது. கரண்ட் போனாலும் கிளாஸ் நடக்கும் என்பது இன்னொரு வசதி. வேர்த்து ஊற்றும், அது வேறு விஷயம்.

குறைகள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஆடும். பாத்ரூம் கிடையாது. நாலு மணி பேட்ச்சில் மெஷினைவிடப் பிள்ளைகள் அதிகம், அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவேண்டி வரும். அந்தப் பேட்ச்சுக்கு முழு ஃபீஸ் வாங்குவது நியாயமே இல்லை. ரிப்பன் வெளிறிப்போனாலும் "இன்னும் ஒரு வாரம் ஓடும்" என்பார். வேகமாக அடித்தால் அச்சுக் கம்பிகள் இரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளுக்கு முன்னால் அப்படியே நிற்கும். இன்னும் அழுத்தினால் இன்னும் இறுகும். கையை எடுத்துவிட்டு, பின்னால் வந்த கம்பியை விரலால் மெதுவாக விடுவிக்க வேண்டும். விரலெல்லாம் மை. ராத்திரி சாப்பாடு போடும்போது வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துலயும் இதெல்லாம் இருக்கா?" என்றார். மறுநாள் அவரே வந்து வாசலில் இறக்கிவிட்டார்.

பாஸ் ஆனேனா? இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை வைக்கிறது. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை. பாலிடெக்னிக்கில் சென்டர், மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். முந்தின நாளே சார் எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிக் குட்டியானையில் ஏற்றினார். கல்யாணச் சீர் போகிற மாதிரி இருந்தது. ஸ்பீடு பேப்பர் பத்து நிமிடம். ஏழாவது நிமிடத்தில் எனக்குக் கம்பி பின்னிக்கொண்டது. பதறிப்போய் இன்னும் இரண்டு விசையை அழுத்தித் தொலைத்தேன். பிரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசி மூன்று வரி பாக்கி. அந்தப் பிளஸ் ஒன் பையன் ஃபர்ஸ்ட் கிளாஸ். எனக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான். அன்றைக்குத்தான், ரொம்ப நாளுக்கப்புறம், பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். மறுநாள் இரண்டு மணிக்கு மாடி ஏறிவிட்டேன். அடுத்த பரீட்சைக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.

அரசு வேலைக்காகச் சேருகிறவர்களுக்கு, குரூப் 4-ல் தட்டச்சர் பணி இருக்கிறது என்பதால், இந்த இடம் தாராளமாகப் போதும். வேலைக்காக இல்லாமல் என்னைப்போல் வருகிறவர்கள் இரண்டு மணி பேட்ச்சைக் கேளுங்கள், கூட்டம் இருக்காது. ஐந்துக்கு நாலு ஸ்டார். பாத்ரூம் கட்டினால் மீதி ஒன்றும் தருகிறேன்.

ஏழாம் நம்பரை மட்டும் கேட்காதீர்கள். அதில் 'ழ' கொஞ்சம் இறுகும், உங்களுக்குப் பழக நாளாகும்.