ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: வண்டி தங்கம், டேங்க் தகரம்

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பெட்ரோல் டேங்க் மூன்றாவது தடவையாக வெளியே வந்திருக்கிறது. மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துத் தட்டினால் உள்ளேயிருந்து மீன் செதில் மாதிரி உதிர்கிறது. அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் நண்பன் போன் செய்தான்: "கீழ்ப்பாக்கத்துல ஒரு வீட்டு ஷெட்ல ஹெரால்டு ஒண்ணு பதினஞ்சு வருஷமா நிக்குதுடா. எடுக்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய வண்டி என்றதும் எல்லோருக்கும் இன்ஜின் பற்றித்தான் பயம். ஹெரால்டில் கடைசியாகப் பயப்பட வேண்டியது அதுதான். 948 சிசியோ 1147 சிசியோ, இரும்பு பிளாக், புஷ்ராடு, ஒரே ஒரு சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். செய்யக் கூடாதது ஒன்றுதான்: புது பேட்டரி மாட்டிய கையோடு ஸ்டார்ட்டரை அழுத்துவது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு அழுத்தலிலேயே உடையும். நாலு ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் பத்து மில்லி அளவுக்கு டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்து விட்டு, மூன்று நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கையால் அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பழைய ஆயிலை இறக்கி 20டபிள்யூ-50 ஊற்றி, ப்ளக் போடாமலேயே ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் லைட் அணைகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் வால்வ் இடைவெளி 0.010 அங்குலம், பாயின்ட் 0.015, ப்ளக் 0.025. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. முடிந்தது. பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் வீல் சிலிண்டர், ஹோஸ், ஃப்ளூயிட் மூன்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். பேட்டரி மாட்டும் முன் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்ததா என்று பார்ப்பதும் நல்லது; பழைய ஹெரால்டுகளில் அப்படித்தான் இருக்கும். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் பிற்பாடு பூட்டிய ரேடியோவுக்குச் சங்கு.

சேசிஸ் விஷயத்தில் ஹெரால்டு கொடுத்துவைத்த வண்டி. பிரீமியர் பத்மினி கார் மாதிரி பாடியே சேசிஸ் இல்லை. நடுவில் முதுகெலும்பு மாதிரி இரட்டைச் சட்டம், அதிலிருந்து இரு பக்கமும் கைகள், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி. துரு முதலில் சாப்பிடுவது அந்தக் கைகளைத்தான், அதாவது அவுட்ரிகரை. மேலே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு கனமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, பாடி போல்ட் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் குத்துங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் பட்டியும் தார் பூச்சும். வெட்டி ஒட்ட 16 கேஜ் தகடு போதும், ஆனால் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எந்த டிங்கர் வந்தாலும் கதவு சாத்தாது. கதவுகள் மாட்டியபடியே, ஒரு பக்கம் முடித்து இடைவெளி பார்த்து, அடுத்த பக்கம்.

இன்னொன்று. முன் சக்கரத்தின் கீழ் ட்ரனியனுக்கு, அதாவது சக்கரத்தின் தண்டு மரையில் திரும்பும் மூட்டுக்கு, கிரீஸ் அடிக்கவே கூடாது. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் கன்னிலேயே 90 ஆயிலை நிரப்பி, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும். நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடிக்காமல் இருக்க மெக்கானிக்குகளின் கை கேட்காது. கிரீஸ் அந்த மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும், உள்ளே துரு தின்னும். ஒருநாள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உட்காரும். மாற்றுவதாக இருந்தால் இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர் என்பதை மறக்காதீர்கள்.

நியாயமாகப் பேசினால், வேலை செய்வதற்கு இதைவிடச் சுகமான கார் கிடையாது. இரண்டு பக்கக் கொக்கியை விடுவித்தால் பானெட்டும் மட்கார்டும் லைட்டும் சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, இடுப்பு வலிக்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம். திரும்பும் வட்டம் 25 அடி. மயிலாப்பூரில் சந்து மாதிரி இருக்கும் தெருக்களில் இன்றைய சின்னக் கார்கள் முன்னும் பின்னும் மூன்று தடவை ஆடும் இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பி, பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டோக்காரரையே ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும். வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி போட்டது. ஆனால் 1961 முதல் இங்கே ஓடியவை நம்ம வண்டலூர் ஆலையில் கட்டியவை. நாலு கதவு மார்க் 3 இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு டேங்குக்கு வருகிறேன்.

டேங்க் டிக்கியில் இடது பக்கம், சுமார் 30 லிட்டர். பிரச்சினை எப்படித் தெரியும் என்றால், தெரியவே தெரியாது. காலையில் அழகாக ஸ்டார்ட் ஆகும். அடையாறு வரை ஒரு குறையும் இல்லை. திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஒரு சின்ன இழுப்பு, இன்னொன்று, அப்புறம் ஓரம் கட்ட வேண்டியதுதான். பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். அதுதான் ஆத்திரமே. டேங்குக்குள் மிதக்கும் துருச்செதில்களை பெட்ரோல் பம்ப் இழுத்து உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டவைக்கிறது. இன்ஜின் நின்றதும் இழுப்பு போய், செதில் கீழே விழுகிறது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது குழாய் சுத்தமாக இருக்கும்.

சென்னை வெயிலில் இதே நோய்க்குறி வேறு மூன்று கோளாறுக்கும் உண்டு: வேப்பர் லாக் (சூட்டில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது), சூடான இக்னிஷன் காயில், செத்துக்கொண்டிருக்கும் கண்டென்சர். அதனால் வரிசையாக மூன்றையும் மாற்றச் சொல்வார்கள், மாற்றுவோம், மறுபடி அதே திருவான்மியூரில் நிற்போம். வண்டி நின்ற உடனே, ஆறுவதற்குள் இதைச் செய்யுங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது இல்லையென்றால் கார்ப்பரேட்டரில் பைப்பைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, பம்ப்பின் கை லிவரை அடியுங்கள். சூடான இன்ஜின் பக்கம் தீப்பொறி ஆகாது, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் பலமாகப் பாய்ந்தால் குற்றவாளி மின்சாரப் பக்கம். குமிழ் குமிழாக வந்து பிறகு சரியானால் வேப்பர் லாக். சொட்டுக்கூட வரவில்லையென்றால், பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றி சைக்கிள் பம்ப்பால் டேங்க் பக்கம் ஊதுங்கள். டிக்கியில் 'களக் களக்' என்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டு, அதன் பின் வண்டி ஓடினால், சந்தேகமே வேண்டாம்.

ஃபில்டர் போட்டால் போதாதா என்பார்கள். போடத்தான் வேண்டும், பம்ப்புக்கு முன்னால், உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி ஃபில்டர். நாலு நாளில் அது டீத்தண்ணி நிறத்துக்கு வரும். ஆனால் குழாய் வாயை அடைக்கும் செதிலுக்கு அது உதவாது, மாவு மாதிரி நுண்ணிய துருவும் அதைத் தாண்டி கார்ப்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் செஞ்சேறாகப் படிந்து மெயின் ஜெட்டை அடைக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றால் ஊதுங்கள். பழைய ஹெரால்டு டேங்க்கில் ரிசர்வ் லிவர் ஒன்று உண்டு. கடைசி கேலனை அடியிலிருந்து எடுக்கும். துருப்பிடித்த டேங்க்கில் அதைத் திருப்புவது வண்டலை எழுப்பிக் குடிக்கக் கொடுப்பது மாதிரி.

ஏன் இவ்வளவு துரு? அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்திய வண்டியில் துரு பிடிப்பது பெட்ரோல் மட்டத்துக்கு மேலே. பகல் சூட்டில் டேங்க் காற்றை வெளியே விடும், ராத்திரி உள்ளே இழுக்கும். கடல் ஓரத்து ஈரக்காற்று தினமும் உள்ளே போய்த் தகட்டில் வேர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் இன்னும் மோசம். இப்போது பங்கில் ஊற்றும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், இத்தனை வருஷம் சுவரோடு ஒட்டிக்கிடந்த பழைய பிசினையும் துருவையும் கரைத்துக் கிளப்பிவிடும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃபரமும் அதோடு போகும். ஹோஸ் வாங்கும்போது மேலே எத்தனால் தாங்கும் ரகத்துக்கான 'ஆர்9' என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தடவை ஆசிட். கழிப்பறை ஆசிட்டை ஊற்றிக் குலுக்கினால் அரை மணியில் வெள்ளிபோல மின்னும், உண்மை. ஆனால் அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், மடிப்பு மூலைகளில் தங்கிய மிச்சம் வாரத்துக்குள் முன்னைவிட மோசமான துருவைக் கொண்டுவரும். இரண்டாவது தடவை, உள்பூச்சு. ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு கடையில் "லைஃப் லாங் சார்" என்று சொல்லிப் பூசிக் கொடுத்தார்கள். எந்தப் பூச்சு, எத்தனாலுக்குத் தாங்குமா என்று கேட்டதற்கு, எல்லாத்துக்கும் தாங்கும் என்று பதில். ஒன்றரை வருஷம். இப்போது மாடியில் உதிர்வது துரு இல்லை, அந்த லைஃப் லாங். துருவாவது பொடியாகும், இது நகக்கண் அளவு ஏடு ஏடாக உரிந்து குழாய் வாயில் மூடி போட்ட மாதிரி உட்காருகிறது.

மூன்றாவது தடவை செய்வது இப்படி. கெட்ட பூச்சை அசிட்டோன் ஊற்றி ஊறவைத்து, ஒரு கைப்பிடி கூர் ஜல்லியைப் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு டேங்க் முழுக்கத் தண்ணீர், அதில் நூறு கிராம் சலவை சோடா. பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டின் ஓட்டை வழியாக ஒரு சாதாரண முறுக்குக் கம்பியை இறக்குங்கள். டேங்கைத் தொடாமலிருக்க ஓட்டை போட்ட பிவிசி குழாய்க்குள் விடலாம். ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டவே வேண்டாம், தண்ணீர் விஷமாகும். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாறினால் டேங்க் கரையும். இரண்டு, மூன்று ஆம்பியரில் ஒரு முழு நாள். நடுவில் இரண்டு தடவை கம்பியைச் சுரண்டுங்கள். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் மாடிதான் சரி. முடிந்ததும் சுவரில் கரிபோல மென்மையாகப் படிந்திருக்கும், ஜல்லியும் தண்ணீரும் போட்டால் போய்விடும். துரு போனதும் அதுவரை துருவே அடைத்திருந்த ஊசித்துளைகள் கண் திறக்கும். உள்ளே பல்பை விட்டு இருட்டில் பார்த்து ஈயப்பற்று வைக்க வேண்டும். தீ கிட்டே கொண்டுபோகும் எந்த வேலைக்கும் முன்னால் டேங்க் தண்ணீரில் பல தடவை கழுவியிருக்க வேண்டும். பழைய டேங்க்கில் மிச்சமிருக்கும் ஆவி குண்டுக்குச் சமம்.

கழுவிய பத்தே நிமிஷத்தில் நம்ம ஊர்க் காற்றில் செம்பழுப்பு ஏறிவிடும். அதனால் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி, ஹாட் ஏர் கன் வைத்து உடனே உலர்த்த வேண்டும். எத்தனாலுக்குத் தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதிய இரண்டு பாக எபாக்ஸி. மெல்லிசாக, டேங்கை எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டி, மூலையில் தேங்கியதை வடித்துவிட்டு. தேங்கிய இடம்தான் முதலில் உரியும். மழைக்காலத்தில் இதைத் தொடாதீர்கள். கத்திரி வெயிலால் மனிதனுக்கு ஏதாவது உபயோகம் உண்டென்றால் டேங்க் காயவைப்பதுதான்.

மற்ற சாமானைப் பற்றி அதிகம் இல்லை. சீல், பேரிங் எல்லாம் பழையதைக் கையில் கொண்டுபோய் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவு பார்த்து வாங்கலாம். ட்ரனியன் போன்றவை ட்ரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் பெயரில் பிரிட்டனிலிருந்து வரும், கஸ்டம்ஸ் தனி. ஐம்பது வயசு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினசரி ஆபீஸுக்கு ஓட்டக் கூடாது. ஆர்சி புக் இல்லாத ஷெட் வண்டியென்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

மொத்தத்தில் வண்டிக்குப் பத்துக்கு எட்டரை கொடுப்பேன். எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், வேண்டாம்டா. அந்தக் காசுக்கு வேறு ஏதாவது செய். ஆனால் கீழ்ப்பாக்கத்துக்கு எப்படியும் போவாய்தானே, டிக்கியைத் திறந்து டேங்க் மூடிக்குள் டார்ச் அடித்துப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், டேங்கை மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்.